டெக்சாஸ் ஹோல்டம்: எந்தச் சீட்டை, எந்த இருக்கையில், என்ன விலைக்கு ஆடுவது?

1976-ல் லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் டாயில் பிரன்சன், ஜெஸ்ஸி ஆல்டோ என்ற இருவர் மட்டும் எஞ்சினார்கள். கடைசிக் கையில் ஆல்டோவிடம் ஏஸும் ஜாக்கியும் இருந்தன. பிரன்சனிடம் இருந்தவை வெறும் 10-உம் 2-உம். நடுவில் விரித்த முதல் மூன்று சீட்டுகளிலேயே ஏஸும் ஜாக்கியும் 10-உம் விழுந்து ஆல்டோவுக்கு இரண்டு ஜோடி அமைந்துவிட்டது. ஆயினும் அடுத்தடுத்து வந்த 2-உம் 10-உம் பிரன்சனுக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றும் இன்னொரு எண் இரண்டும் சேர்ந்த கை) அமைத்துக்கொடுக்க, பட்டம் அவருக்குப் போயிற்று. 1977-லும் அவரே வென்றார். அப்போதும் கடைசிக் கை 10-உம் 2-உம், அப்போதும் ஃபுல் ஹவுஸ். இன்றுவரை அந்த இரண்டு சீட்டுக்கும் போக்கர் மேசைகளில் அவர் பெயரே வழங்குகிறது.

இந்தக் கதையைக் கேட்கும் புதியவர், எந்தச் சீட்டையும் வைத்து வெல்லலாம் என்று எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் மேசையில் இரண்டே பேர் இருந்தார்கள் என்பதும், இருவர் மட்டும் ஆடும்போது ஒவ்வொரு கையிலும் இருவருமே கட்டாயப் பந்தயம் வைத்தாக வேண்டும் என்பதும், அதனால் பலவீனமான சீட்டைக்கூட ஆட வேண்டிய நிலை அங்கே உண்டு என்பதும் கதையில் வருவதில்லை. ஒன்பது பேர் அமர்ந்த மேசையில், முதலில் பேச (அதாவது தன் முடிவைச் சொல்ல) வேண்டிய இருக்கையில் இருப்பவருக்கு அதே 10-உம் 2-உம் வந்தால், அவர் யோசிக்காமல் கவிழ்த்துவிட வேண்டும். சீட்டு ஒன்றுதான், இருக்கையும், எதிரில் இருப்பவர்களின் எண்ணிக்கையும், தொடர்வதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் வேறு. டெக்சாஸ் ஹோல்டம் என்ற இந்தப் போக்கர் ஆட்டத்தைக் கற்பவருக்கு நான் முதலில் சொல்லித்தர விரும்புவது இந்த வேறுபாட்டைத்தான்.

ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரே இதன் பிறப்பிடம் என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2007-ல் ஏற்றுக்கொண்டது. 52 சீட்டுகள் கொண்ட ஒரே கட்டு, ஜோக்கர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கொடுக்கப்படும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று சேர்ந்து வரும், அது ஃபிளாப், அடுத்த ஒன்று டர்ன், கடைசி ஒன்று ரிவர். ஏழு சீட்டிலிருந்து மிகச் சிறந்த ஐந்தைத் தேர்ந்துகொள்ளலாம். சீட்டு கொடுத்தவுடன் ஒரு பந்தயச் சுற்று, ஃபிளாப்புக்குப் பின் ஒன்று, டர்னுக்குப் பின் ஒன்று, ரிவருக்குப் பின் ஒன்று என நான்கு சுற்றுகள் நடக்கும். சீட்டுப் பங்கிடுபவரின் இடத்தைக் குறிக்கும் வட்டை 'பட்டன்' என்பார்கள். அது ஒவ்வொரு கைக்கும் ஓர் இருக்கை நகரும். பட்டனுக்கு அடுத்து அமர்ந்த இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயங்களை வைக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது சீட்டைக் கவிழ்த்து விலகலாம், கேட்ட தொகையைக் கட்டித் தொடரலாம், அல்லது தொகையை ஏற்றலாம். நடுவில் சேரும் மொத்தத் தொகைக்குப் 'பாட்' என்று பெயர்.

எந்தச் சேர்க்கை எதை வெல்லும் என்ற வரிசையை மனப்பாடம் செய்யச் சிரமப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: அரிதாக அமைவது, எளிதாக அமைவதை வெல்லும். 52 சீட்டிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 25,98,960 வழிகள் உள்ளன. அவற்றில் வரிசையாக ஐந்து எண்கள் வரும் ஸ்ட்ரெய்ட் 10,200 வழிகளிலும், ஐந்தும் ஒரே பூவில் (ஸ்பேட், ஹார்ட் போன்ற ஒரே வகையில்) வரும் ஃபிளஷ் 5,108 வழிகளிலும், மூன்றும் இரண்டுமாக அமையும் ஃபுல் ஹவுஸ் 3,744 வழிகளிலும், ஒரே எண் நான்கு வருவது 624 வழிகளிலும் கிடைக்கின்றன. ஒரு ஜோடிகூட அமையாதவை மட்டும் 13,02,540; அதாவது பாதிக்கும் சற்று மேல். ஒன்றும் அமையாமல் போவதுதான் இந்த ஆட்டத்தின் இயல்பு நிலை என்பதை இந்தக் கடைசி எண் காட்டுகிறது.

இனி, கையில் வரும் முதல் இரண்டு சீட்டு. இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. அவற்றில் ஜோடியாக வருபவை 78. சராசரியாக 17 கைக்கு ஒரு முறை. இரண்டு ஏஸ் வருவதோ 221 கைக்கு ஒரு முறைதான். ஜோடி இல்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் குறைந்தது ஒரு ஜோடியாவது அமைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறையே. மற்ற இரண்டு முறை அவர் வெறுங்கையோடுதான் நிற்பார். ஒரே பூவில் இரண்டு சீட்டு வந்துவிட்டால் புதியவர்களுக்கு வரும் மகிழ்ச்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு சீட்டு ஃபிளாப்பிலேயே ஃபிளஷாக மாறுவது 100 முறைக்கு ஒரு முறைகூடக் கிடையாது. ராணியும் 4-உம் ஒரே பூவில் இருந்தாலும் அது ராணியும் 4-உம்தான்.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு ஓர் ஒப்பீடு உதவும். ரம்மியில் சீட்டு சரியில்லை என்று தொடக்கத்திலேயே 'ஸ்கூட்' விட்டால்கூடப் புள்ளிகள் ஏறும். ஆகவே சுமாரான சீட்டோடு போராடிப் பார்ப்பதில் அங்கே ஒரு நியாயம் உண்டு. போக்கரில் பிளைண்ட் வைக்காத இருக்கையிலிருந்து கவிழ்த்தால் உங்கள் இழப்பு சுழியம். ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்று முழுவதும், ஒன்பது கைகளையும் கவிழ்த்துக்கொண்டே போனாலும் உங்களிடமிருந்து போவது ஒரு பிக் பிளைண்டும் அதில் பாதியான ஸ்மால் பிளைண்டும், ஆக ஒன்றரை பிக் பிளைண்ட் மட்டுமே. மோசமான சீட்டோடு ஒரே ஒரு ஃபிளாப்பைப் பார்க்க உள்ளே நுழைந்து, அரைகுறையாக ஒரு ஜோடி அமைந்து, விட மனமில்லாமல் ரிவர் வரை கட்டிக்கொண்டே போனால் போவதோ இருபது, முப்பது பிக் பிளைண்ட். புதியவர்களின் சிப்புகள் (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லைகள்) பெரும்பாலும் இந்த வழியாகத்தான் கரைகின்றன.

அரைகுறை ஜோடி என்று ஏன் சொல்கிறேன் என்றால், போக்கரில் இரண்டாவது சிறந்த கைதான் எல்லாவற்றையும்விட அதிக இழப்பைத் தருவது. உங்களிடம் ஏஸும் ராணியும், எதிரில் ஏஸும் ராஜாவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் ஏஸ் விழுந்தால் இருவருக்குமே ஏஸ் ஜோடி; இருவருமே பணம் போடுவீர்கள்; அவருடைய ராஜா உங்கள் ராணியைவிடப் பெரியது என்பதால் பெரும்பாலும் அவரே எடுத்துச் செல்வார். இந்த மோதலில் ஏஸ்-ராஜா ஏறக்குறைய நான்கில் மூன்று முறை வெல்லும். மாறாக ஏஸ்-ராஜாவும் 7-7 ஜோடியும் மோதினால் கிட்டத்தட்ட சரிசமம். ஜோடிக்குச் சிறிது மேல்நிலை. இருவர் கையிலும் ஒரே எண் சீட்டு ஒன்று இருந்து, துணைச்சீட்டில் தாழ்ந்திருப்பதே பெரிய ஆபத்து. ஏஸும் 6-உம், ராஜாவும் 8-உம் போன்ற சேர்க்கைகளை முன் இருக்கைகளில் தொடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இருக்கையைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். ஃபிளாப்புக்குப் பின் நடக்கும் மூன்று சுற்றுகளிலும் பட்டனில் இருப்பவர் கடைசியாகப் பேசுகிறார். அவர் முடிவெடுக்கும்போது மற்ற எல்லோரும் பந்தயம் வைத்தார்களா, தயங்கினார்களா, விலகினார்களா என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மற்றவர்கள் எல்லோரும் பந்தயம் வைக்காமல் விட்டால் அவரும் விட்டு அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். அல்லது பந்தயம் வைத்துப் பாட்டை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். முதலில் பேசுபவருக்கோ எந்தத் தகவலும் இல்லை. ஒரே சீட்டு, ஒரே எதிராளி, ஒரே பொதுச் சீட்டுகள் இருந்தாலும் கடைசியில் பேசுபவர் அதிகம் வெல்வார், குறைவாக இழப்பார். நார்வேயைச் சேர்ந்த அன்னெட் ஓப்ரெஸ்டாட் என்ற இளம்பெண் 2007-ல் 180 பேர் கலந்துகொண்ட இணையப் போட்டி ஒன்றை, ஒரே ஒரு முறை தவிரத் தன் சீட்டைப் பார்க்காமலேயே ஆடி வென்றதாகச் சொன்னது ஆட்டக்காரர்களிடையே பெரிதாகப் பேசப்பட்டது. இருக்கையையும் எதிராளிகளின் போக்கையும் மட்டும் கவனித்து ஆட முடியுமா என்று பார்க்கவே அவர் அப்படி ஆடினார். அதே ஆண்டு லண்டனில் நடந்த உலகப் போக்கர் தொடரின் ஐரோப்பியப் பட்டத்தையும் 18 வயதில் அவர் வென்றார். புதியவர் யாரும் அதைப் பின்பற்ற முயல வேண்டாம். இருக்கை எவ்வளவு வலிமையானது என்பதற்கான சான்றாக மட்டும் அதை நினைவில் வைக்கலாம்.

இதைச் செயலுக்குக் கொண்டுவர, கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவருக்கு நான் இரண்டு பட்டியல்களையே கொடுப்பேன். பிக் பிளைண்டுக்கு அடுத்த முதல் இருக்கையில் 7-7-இலிருந்து ஏஸ்-ஏஸ் வரையிலான ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, மேலும் ஒரே பூவில் வந்தால் மட்டும் ஏஸ்-ஜாக்கி, ஏஸ்-10, ராஜா-ராணி. எண்ணிப் பார்த்தால் இவை 1,326-ல் 92. ஏறக்குறைய 14 கைக்கு ஒன்று. பட்டனில் இருந்து, முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்ட நிலையில், எல்லா ஜோடிகளும், ஏஸ் உள்ள எல்லாச் சேர்க்கைகளும், 10-உம் அதற்கு மேலும் உள்ள எந்த இரண்டு சீட்டும், ஒரே பூவில் அடுத்தடுத்து வரும் 9-8, 8-7, 7-6, 6-5 ஆகியவையும் ஆடத்தக்கவை. இவை 382, முதல் பட்டியலைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இடையிலுள்ள இருக்கைகளில் முதல் பட்டியலில் தொடங்கிப் படிப்படியாக விரித்துக்கொண்டு போகலாம். ஸ்மால் பிளைண்ட் இருக்கையில் மட்டும் கவனம் தேவை: பாதித் தொகை ஏற்கெனவே கட்டியிருப்பதால் மலிவாகத் தெரியும், ஆனால் ஃபிளாப்புக்குப் பின் முதலில் பேச வேண்டியவர் நீங்கள்தான். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்தப் பட்டியல்களைவிட அதிகமாக ஆடுவார்கள் என்பது உண்மை. ஃபிளாப்புக்குப் பின் வரும் சிக்கலான முடிவுகளை எடுக்கும் பயிற்சி அவர்களுக்கு உண்டு.

உள்ளே நுழைவது என்று தீர்மானித்துவிட்டால், ஏற்றி நுழைய வேண்டும். முன்னால் யாரும் நுழையாதபோது பிக் பிளைண்ட் தொகையை மட்டும் கட்டிவிட்டு உட்காருவதை 'லிம்ப்' என்பார்கள். புதியவர்களுக்கு மிகவும் பிடித்த, அவர்களுக்கு மிகவும் கெடுதல் செய்யும் பழக்கம் இது. இரண்டு ஏஸ் ஜோடி, எந்தச் சீட்டு வந்தாலும் கவிழ்க்காத ஒரே ஓர் எதிராளியிடம் நூற்றுக்கு 85 முறை வெல்லும். அப்படிப்பட்ட எட்டு எதிராளிகள் கடைசி வரை இருந்தால் நூற்றுக்கு 35 முறைதான் வெல்லும். நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் மலிவாக உள்ளே அழைப்பது அந்தச் சீட்டின் மதிப்பை நாமே குறைத்துக்கொள்வதாகும். மேலும், ஏற்றினால் எல்லோரும் கவிழ்த்து பிளைண்ட் தொகை உடனே நமக்குக் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. வெறுமனே கட்டினால் அந்த வாய்ப்பு இல்லை. இது பழைய ஆட்டக்காரர்களின் அனுபவ வாக்கு மட்டுமில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து உருவாக்கி 2019-ல் வெளியிட்ட புளூரிபஸ் என்ற கணினி நிரல், மனிதர்களின் ஆட்டங்கள் எதையும் பார்க்காமல் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டு, ஆறு பேர் மேசையில் முன்னணி ஆட்டக்காரர்களை வென்றது. அதுவும் ஸ்மால் பிளைண்ட் இருக்கையைத் தவிர வேறெங்கும் லிம்ப் செய்வது உகந்ததல்ல என்ற முடிவுக்கே வந்து சேர்ந்தது. ஏற்றும் தொகை பிக் பிளைண்டைப் போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வது எளிது. முன்னால் யாராவது லிம்ப் செய்திருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு பிக் பிளைண்ட் கூட்டிக்கொள்ளலாம். சீட்டு நன்றாக இருந்தால் அதிகம், சுமாராக இருந்தால் குறைவு என்று தொகையை மாற்றிக்கொண்டிருந்தால் கவனிப்பவர்களுக்கு உங்கள் சீட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்போது விலைக் கணக்கு. போக்கரில் உண்மையான கணக்கு இருப்பது இங்கேதான்; பள்ளிப் பின்னங்கள் தெரிந்தால் போதும். டர்ன் வரை வந்துவிட்டது. உங்களிடம் ஒரே பூவில் நான்கு சீட்டுகள் இருக்கின்றன. ஐந்தாவது வந்தால் ஃபிளஷ், வராவிட்டால் ஒன்றுமில்லை. நடுவில் 100 சிப்புகள் உள்ளன. எதிராளி 50 வைக்கிறார். நீங்கள் 50 கட்டினால் மொத்தம் 200 ஆகும். அதில் உங்கள் பங்கு 50, அதாவது 25 சதவீதம். ஆகவே நூற்றுக்கு 25 முறையாவது ஃபிளஷ் அமைந்தால்தான் கட்டுவது நட்டமாகாது. எத்தனை முறை அமையும்? ஒரு பூவில் 13 சீட்டுகள், நான்கு உங்கள் கண்ணில் பட்டுவிட்டன, மிச்சம் 9. நீங்கள் பார்க்காத சீட்டுகள் 46. ஒன்பதை நாற்பத்தாறால் வகுத்தால் 19.6 சதவீதம். கேட்கும் விலை 25, கிடைப்பதோ 19.6, கவிழ்க்க வேண்டும். அதே எதிராளி 50-க்குப் பதில் 20 மட்டும் வைத்திருந்தால், 140-ல் உங்கள் பங்கு 20. அது 14 சதவீதம்தான். இப்போது கட்டுவது சரி. சீட்டு மாறவில்லை, விலை மாறியதால் முடிவு மாறியது.

மேசையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது என்பதால் இரண்டு குறுக்குவழிகள் உள்ளன. பந்தயம் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு என்றால் தேவை 20 சதவீதம். பாதி என்றால் 25. முழுப் பாட் என்றால் 33. இது ஒன்று. உங்களுக்கு உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கினால் அடுத்த ஒரு சீட்டில் அது வரும் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும் என்பது மற்றொன்று. ஃபிளாப்பில் இருந்துகொண்டு டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட 4-ஆல் பெருக்க வேண்டும்: ஃபிளஷுக்கு 9 சீட்டு, 36, சரியான விடை 35. இரண்டு முனையும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 8 சீட்டு, 32; சரியான விடை 31.5. நடுவில் ஒரே எண் குறையும் ஸ்ட்ரெய்ட்டுக்கு 4 சீட்டுதான், 16; சரியான விடை 16.5. ஆனால் நான்கால் பெருக்கும் கணக்கை, சிப்புகள் முழுவதும் நடுவுக்குப் போய்விட்டு, இனி எதுவும் கட்ட வேண்டாம் என்ற நிலையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மற்றபடி டர்னுக்குப் பின் எதிராளி மறுபடியும் விலை கேட்பார். அந்த இரண்டாவது விலையை மறந்துவிட்டு 36 சதவீதம் என்று எண்ணிக்கொண்டு கட்டுவது, கணக்கு தெரிந்தவர்களும் செய்யும் பிழை.

விலைக் கணக்கு எதிர்காலத்துக்கும் நீளும். சிறிய ஜோடி ஒன்று ஃபிளாப்பில் மூன்றாவது சீட்டைப் பெறுவது சுமார் எட்டரை முறைக்கு ஒரு முறை. அந்த விலைக்கு நடுவில் பணம் இல்லாவிட்டாலும், அமைந்தால் எதிராளியிடமிருந்து பின்னால் பெரிய தொகை வரும் என்றால் கட்டலாம். நீங்கள் கட்டும் தொகையைப் போல் குறைந்தது 15 மடங்காவது இருவரிடமும் மீதம் இருக்க வேண்டும் என்று ஓர் அளவை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 3-3 ஜோடியையும் கவிழ்த்துவிடலாம்.

நல்ல கை அமைந்துவிட்டால் பதுங்க வேண்டாம். வலுவான கையை மறைத்து எதிராளியைப் பொறியில் வீழ்த்தும் ஆசை புதியவர்களுக்கு நிறைய இருக்கிறது. ஆனால் சிறு தொகை மேசைகளில் எதிராளிகளின் பொதுவான குறையே தேவைக்கு மேல் கட்டுவதுதான். கட்டுபவரிடம் பந்தயம் வைக்காமல் விட்டால் வர வேண்டிய தொகை வராமல் போகிறது. அதே காரணத்தால் வெற்றுப் பந்தயம், அதாவது பிளஃப், அந்த மேசைகளில் அதிகம் பலிக்காது. பாட்டில் பாதித் தொகையை வைத்து எதிராளியை விலகச் செய்யும் முயற்சி மூன்றில் ஒரு முறை பலித்தால் நட்டமில்லை என்பது கணக்கு. எதையும் கவிழ்க்காதவரிடம் அது ஒரு முறைகூடப் பலிக்காது. பிளஃப் செய்ய வேண்டுமென்றால், ஃபிளஷுக்கு ஒரு சீட்டு குறைவாக இருப்பதுபோல் இன்னும் தேறும் வாய்ப்புள்ள கையோடு செய்யுங்கள். அவர் கட்டினாலும் உங்களுக்கு ஒன்பது சீட்டுகள் மிச்சம் இருக்கும். மறுபுறம், மாலை முழுவதும் அமைதியாகக் கட்டிக்கொண்டே இருந்த ஒருவர் டர்னிலோ ரிவரிலோ திடீரென்று ஏற்றினால், உங்கள் ஒற்றை ஜோடி, அது ஏஸ் ஜோடியாகவே இருந்தாலும், பெரும்பாலும் தோற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சரியாக ஆடுபவரும் பல மாலைகள் தோற்பார். ஏஸ்-ஏஸ் ஜோடி ஓர் எதிராளியிடமே நூற்றுக்கு 15 முறை தோற்கிறது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்திருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய ஆட்டங்களால் கடனில் வீழ்ந்த குடும்பங்கள் பல என்பதை நாம் செய்திகளில் தொடர்ந்து படித்தோம். இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் கற்கப் பணம் தேவையில்லை. நான் கற்றுக்கொண்டது புளியங்கொட்டைகளை வைத்துத்தான்; ஆளுக்கு நூறு கொட்டை, இரண்டு கொட்டை பிக் பிளைண்ட். கொட்டைதானே என்று எல்லோரும் எல்லாவற்றையும் கட்டத் தொடங்கினால் ஆட்டம் கெட்டுவிடும். அதனால் முதலில் கொட்டை தீர்ந்தவர் அடுத்த முறை தேநீர் போட வேண்டும் என்று ஏதாவது ஒரு சிறு விளைவை வைத்துக்கொள்வது நல்லது.

ஆள் சேராத நாளில் தனியாகவே செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. கட்டை நன்றாகக் கலைத்து, ஒன்பது இருக்கைகளுக்கும் இரண்டிரண்டு சீட்டாகத் திறந்தபடியே போடுங்கள். முதல் இருக்கையின் சீட்டை முதல் பட்டியலோடும், பட்டனின் சீட்டை இரண்டாவது பட்டியலோடும் ஒப்பிட்டு, ஆடத்தக்கது வந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து பொதுச் சீட்டுகளையும் விரித்து, ஒன்பது கைகளில் எது வென்றது என்று பாருங்கள். இருபது முறை செய்தால், முதல் இருக்கைக்கு ஒன்றோ இரண்டோ தேறும். பட்டனுக்கு ஐந்தாறு தேறும். கவிழ்த்த 10-2 வென்றிருக்கும் கையும் இடையில் வரலாம். அதையும் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கையைப் போடுங்கள்.